மனம் இன்னும் அலுவலகத்திலேயே இருக்கிறது: வாசகர் கேள்வி – பதில்

கடுமையான பணிச்சுமைக்கு நடுவே உடல்நலத்தையும் மனநலத்தையும் எப்படிக் காத்துக்கொள்வது என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, அவர்களுடைய பணியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் ஒரு குரல் பொதுவாகக் கேட்டது: ‘எனக்கு மனஉறுதி போதவில்லை, என்னை நான் எப்படித் திருத்திக்கொள்வது?’ அந்தக் குரலோடு எனக்கு உடன்பாடு இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தம் மீது ஏற்றப்பட்டிருக்கும் வேலையின் அளவு நியாயமானதுதானா என்று கேட்பதற்கு முன்பே தம்மைக் குற்றவாளியாக்கிக்கொள்பவர்கள், பெரும்பாலும், பொறுப்பாக உழைப்பவர்களாகவே இருக்கிறார்கள்.

கேள்வி: மென்பொருள் குழு ஒன்றின் தலைவராக இருக்கிறேன். மாலையில் வீடு திரும்பிவிடுகிறேன், ஆனால் மனம் அலுவலகத்தைவிட்டு வருவதில்லை. சாப்பிடும்போதும் குழந்தையிடம் பேசும்போதும் முடிக்காத வேலைகளே நினைவுக்கு வருகின்றன. செல்பேசியில் செய்தி வந்த ஒலி கேட்டால் எடுத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இதிலிருந்து மீள்வது எப்படி?

பதில்: உழைத்த உடலும் மனமும் பழைய நிலைக்குத் திரும்புவதற்கு நேரம் மட்டும் போதாது, அந்த நேரத்தில் மனம் வேலையிலிருந்து விலகியும் இருக்க வேண்டும். ஜெர்மானிய உளவியலாளர் சபீன் சொன்னென்டாக் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருவது இதைத்தான். அவரும் சார்லட் ஃபிரிட்ஸும் 2007ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் பிந்தைய நேரம் ஒருவரை மீட்டெடுப்பதற்கு உதவும் நான்கு அனுபவங்களைப் பிரித்துக் காட்டினார்கள். மனத்தளவில் வேலையிலிருந்து விலகியிருத்தல், தளர்ந்து இளைப்பாறுதல், புதிதாக ஒன்றைக் கற்றுத் தேறுதல், அந்த நேரத்தை எப்படிச் செலவிடுவது என்பதைத் தாமே தீர்மானித்தல் ஆகியவையே அவை. நீங்கள் மாலையில் வீட்டில் இருந்தும் களைப்புத் தீராததற்குக் காரணம், இவற்றில் முதலாவது நிகழவே இல்லை என்பதுதான்.

அது ஏன் நிகழவில்லை என்பதற்கும் விளக்கம் உண்டு. ஒரு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு இன்னொன்றுக்கு மாறும்போது கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் 2009இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். குழுத் தலைவரின் நாளில் எந்த வேலையும் முழுமையாக முடிந்து நிற்பதில்லை. பத்து வேலைகள் பத்து வெவ்வேறு நிலைகளில் தொங்கிக்கொண்டிருக்கும்போதுதான் அவர் மடிக்கணினியை மூடுகிறார். ஆகவே வீட்டுக்குள் நுழையும் நீங்கள், அந்தப் பத்தின் மிச்சங்களையும் சேர்த்துத்தான் சுமந்துகொண்டு வருகிறீர்கள்.

நல்ல செய்தி என்னவென்றால், மனம் அமைதியடைவதற்கு வேலை முடிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடிக்காத ஒரு காரியத்தை எப்போது, எப்படி முடிப்பது என்று தெளிவான திட்டம் வகுத்துவிட்டாலே, அதைப் பற்றிய நினைவு மற்ற செயல்களுக்கு இடையே வந்து குறுக்கிடுவது பெரிதும் அடங்கிவிடுகிறது என்று மாசிகாம்போவும் ராய் பாமைஸ்டரும் 2011இல் வெளியிட்ட ஆய்வுகள் தெரிவிக்கின்றன. எனவே பணிநாளின் கடைசிப் பத்து நிமிடங்களை எவருக்கும் விட்டுக்கொடுக்காமல் உங்களுக்கென வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் நிலுவையில் உள்ள ஒவ்வொன்றையும் எழுதி, அதன் அருகில் அடுத்து செய்ய வேண்டிய முதல் செயல் என்ன, அதை நாளை எந்த நேரத்தில் செய்யப்போகிறீர்கள் என்பதையும் குறித்துவிடுங்கள். ‘வாடிக்கையாளர் புகார்’ என்று மட்டும் எழுதுவது போதாது. ‘காலை பத்து மணிக்குப் பிழைப் பதிவைத் திறந்து, கடைசியாக நடந்த மாற்றத்தைப் பார்க்க வேண்டும்’ என்ற அளவுக்குத் துல்லியமாக இருந்தால்தான் மனம் அதை நம்பி விட்டுவிடும்.

படுக்கையில் விழுந்த பிறகும் எண்ணங்கள் ஓடுமானால் இதையே உறங்கப் போகும் முன்பும் செய்யலாம். மைக்கேல் ஸ்கலின் தலைமையில் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் நடந்து 2018இல் வெளியான சிறிய ஆய்வு ஒன்றில், படுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வரும் நாள்களின் வேலைகளைப் பட்டியலிட்டவர்கள், அன்று முடித்த வேலைகளைப் பட்டியலிட்டவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாக உறங்கிப்போனார்கள். பட்டியல் எவ்வளவு விரிவாக இருந்ததோ அவ்வளவு விரைவாக உறக்கம் வந்தது. ஐம்பத்தேழு பேரை மட்டும் கொண்ட ஆய்வு என்பதால் இதைப் பெரிய சான்றாக நான் முன்வைக்கவில்லை. ஆனால் செலவும் தீங்கும் இல்லாத ஒரு வழி என்பதால் முயன்று பாருங்கள்.

செல்பேசியைப் பொறுத்தவரை மனஉறுதியை நம்பாதீர்கள். ஒலி கேட்ட பிறகு எடுக்காமல் இருப்பது கடினம். ஒலியே வராமல் செய்வது எளிது. அலுவலக மின்னஞ்சலுக்கும் வாட்ஸ்அப் குழுவுக்கும் உரிய அறிவிப்புகளை மாலை குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு அணைத்துவிட்டு, உண்மையான அவசரம் என்றால் தொலைபேசியில் அழைக்கும்படி குழுவினரிடம் சொல்லிவிடுங்கள். எழுத்தில் வரும் செய்திகள் அனைத்தும் அவசரமாகத் தோன்றினாலும், அழைத்துப் பேசியே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது அனுப்புபவரே ஒரு கணம் யோசிப்பார். அந்த ஒரு கணத்திலேயே பெரும்பாலான அவசரங்கள் மறுநாளுக்குத் தள்ளிப்போய்விடும்.

கேள்வி: தணிக்கையாளராகப் பணிபுரிகிறேன். கணக்கு முடிக்கும் காலத்தில் சோர்வு இருப்பது வழக்கம்தான். ஆனால் இந்த முறை காலம் முடிந்த பிறகும் சோர்வு போகவில்லை. வாடிக்கையாளர்களைக் கண்டாலே எரிச்சல் வருகிறது. நான் செய்வதில் எந்தப் பயனும் இல்லை என்று தோன்றுகிறது. இது சாதாரணக் களைப்பா, அல்லது ‘பர்ன் அவுட்’ என்று சொல்கிறார்களே, அதுவா?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் மூன்று வாக்கியங்களும், நீங்கள் அறியாமலேயே, உலக சுகாதார நிறுவனம் தந்திருக்கும் விளக்கத்தோடு அப்படியே பொருந்துகின்றன. அந்நிறுவனத்தின் பதினோராவது பன்னாட்டு நோய் வகைப்பாடு 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பணியிடத்தில் நீண்ட காலம் நீடித்து, சரிவரக் கையாளப்படாத மனஅழுத்தத்தின் விளைவே பணிச்சோர்வு, அதாவது ‘பர்ன் அவுட்’, என்று அது வரையறுக்கிறது; சக்தி முழுவதும் வற்றிவிட்ட உணர்வு, வேலையின் மீது விலகலோ வெறுப்போ கூடுதல், தன் திறன் குறைந்துவிட்டதாகத் தோன்றுதல் என்று அதற்கு மூன்று கூறுகளைச் சொல்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த வகைப்பாட்டில் இது நோயாகச் சேர்க்கப்படவில்லை. பணியோடு தொடர்புடைய ஒரு நிலையாகவே குறிக்கப்பட்டிருக்கிறது. நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் தொண்டாற்றிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் இதைப் பற்றி எழுதியபோது அவர் விவரித்தது, ஈடுபாட்டோடு பிறருக்காக உழைத்தவர்களிடம், தம்மிடமும் அவர் கண்ட நிலையைத்தான். ஆக, இது அக்கறையற்றவர்களுக்கு வருவது என்று எண்ணி வெட்கப்பட எந்தக் காரணமும் இல்லை.

சாதாரணக் களைப்பையும் இதையும் பிரித்தறிய எளிய வழி, ஓய்வுக்கு அது எப்படிப் பதில் சொல்கிறது என்று பார்ப்பதுதான். சில நாள் நன்றாக உறங்கி எழுந்ததும் ஆர்வம் திரும்பினால் அது களைப்பு. ஓய்ந்த பிறகும் வேலையை நினைத்த உடனே மனம் சுருங்கினால் நீங்கள் சந்தேகிப்பது சரியாக இருக்கலாம்.

இருந்தாலும் நீங்களே முடிவுக்கு வந்துவிடாதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். இரத்தசோகை, தைராய்டு சுரப்பிக் குறைபாடு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் கோளாறு, நீரிழிவு ஆகியவையும் இதே போன்ற தீராத சோர்வைத் தரும். அவற்றைக் கண்டறியப் பரிசோதனைகள் உண்டு, சிகிச்சையும் உண்டு. மனச்சோர்வு நோயும் தொடக்கத்தில் இதைப் போலவே தோன்றலாம். பணிச்சோர்வில் வெறுப்பு பெரும்பாலும் வேலையைச் சுற்றியே இருக்கும். மனச்சோர்வு நோயிலோ, முன்பு மகிழ்ச்சி தந்த எதுவும், விடுமுறை நாளிலும்கூட, சுவை இழந்துவிடும். இந்த இரண்டாவது நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலோ, கெடுவையும் கணக்கையும் விட்டுவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். வீட்டில் ஒருவரிடமாவது அன்றே சொல்லுங்கள்.

பணிச்சோர்வுதான் என்று உறுதியானால், அடுத்த கேள்வி எது உங்களை அங்கே கொண்டுவந்தது என்பது. பணிச்சோர்வை ஆராய்ந்த உளவியலாளர்கள் கிறிஸ்டினா மாஸ்லாக், மைக்கேல் லைட்டர் ஆகியோர் இதற்கு ஆறு இடங்களைத் தேடச் சொல்கிறார்கள்: வேலையின் அளவு, அதன் மீது உங்களுக்குள்ள கட்டுப்பாடு, உழைப்புக்குக் கிடைக்கும் மதிப்பும் ஊதியமும், உடன் பணிபுரிவோரோடு உறவு, நடத்தப்படுவதில் நேர்மை, உங்கள் விழுமியங்களுக்கும் நிறுவனத்தின் விழுமியங்களுக்கும் உள்ள பொருத்தம். எல்லோரும் வேலையின் அளவை மட்டுமே குறை சொல்கிறோம். உங்கள் கடிதத்தில் நீங்கள் மணிக்கணக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மாறாக, மேலாளர் உங்கள் அறிக்கையைத் தம் பெயரில் அனுப்பியதைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் உங்களுக்கு வேண்டியது கூடுதல் விடுப்பு அன்று. அந்த மேலாளரோடு, அல்லது அவருக்கு மேலே இருப்பவரோடு, நேருக்கு நேர் ஓர் உரையாடல்.

கேள்வி: இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்காவது போய் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: போய் வாருங்கள், நல்லதுதான், ஆனால் அதன் பலன் நீடிக்கும் என்று எண்ணாதீர்கள். ஜெசிகா டி ப்ளூமும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வுகளில், விடுமுறையின்போது ஏற்படும் முன்னேற்றம் வேலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே கரைந்துபோவது தெரிந்தது. ஆண்டு முழுவதும் தேவைப்படும் ஓய்வை இரண்டு வாரத்தில் ஒட்டுமொத்தமாக வாங்கிவிட முடியாது. ஒவ்வொரு மாலையும் ஒவ்வொரு வார இறுதியும் தன் பங்கைச் செய்ய வேண்டும்.

கேள்வி: மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். காலை, மாலை, இரவு என ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். பகலில் தூக்கம் வருவதில்லை. இரவுப் பணி முடிந்து வாகனம் ஓட்டி வீடு திரும்பும்போது கண் சொருகுகிறது. இந்தப் பணியில் இருந்துகொண்டு உடல்நலத்தைக் காக்க முடியுமா?

பதில்: கடைசியில் நீங்கள் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது உயிர் தொடர்பானது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்திருப்பவரின் செயல்திறன் அளவுக்குக் குறைகிறது என்பதை ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997இல் காட்டினார்கள். பல நாடுகளில் வாகனம் ஓட்டுவதற்குச் சட்டம் விதிக்கும் எல்லையே அந்த 0.05தான். ஆகவே கண் சொருகும் நாளில் வாகனத்தை விட்டுவிட்டு, யாராவது உங்களை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள். அல்லது பணியிடத்திலேயே இருபது நிமிடம் கண்ணயர்ந்து, முழுவதும் தெளிந்த பிறகு புறப்படுங்கள். வீட்டில் காத்திருக்கும் வேலை எதுவும் இந்த இருபது நிமிடத்தைவிட முக்கியமில்லை.

வளர்ந்தவர்களுக்கு ஏழு மணி நேரமோ அதற்கு மேலோ உறக்கம் தேவை என்று உறக்க மருத்துவ அமைப்புகள் பரிந்துரைக்கின்றன. பகலில் அது ஒரே மூச்சில் கிடைக்காவிட்டால் இரண்டு பகுதிகளாகப் பிரித்துக்கொள்வது தவறில்லை: பணியிலிருந்து வந்ததும் நான்கைந்து மணி நேரம், அடுத்த இரவுப் பணிக்குக் கிளம்பும் முன் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம். பகல் உறக்கத்தைக் கெடுப்பவை வெளிச்சம், வெப்பம், ஓசை ஆகிய மூன்றும். இவற்றில் வெளிச்சமே உடலின் உள்கடிகாரத்தை நேரடியாக ஆள்வது. இரவுப் பணியின் முற்பாதியில் வெளிச்சமான இடத்தில் இருங்கள். பணி முடிந்து திரும்பும்போது, பிறர் ஓட்டும் வாகனத்தில் வருவதாக இருந்தால், கறுப்புக் கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். படுக்கும் அறையை நன்றாக இருட்டாக்குங்கள். காபியில் உள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், பணியின் தொடக்கத்தில் அது துணை, பிற்பகுதியில் பகை. உறங்கப்போகும் நேரத்துக்கு ஆறு மணி நேரம் முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.

இவ்வளவும் நீங்கள் செய்யக்கூடியவை. ஷிப்ட் அட்டவணை போடுபவர் செய்ய வேண்டியவை வேறு உண்டு, அவை இவற்றைவிடப் பெரியவை. மனித உடலின் உள்கடிகாரம் பெரும்பாலோருக்கு இருபத்துநான்கு மணி நேரத்தைவிடச் சற்று நீளமானது. அதனால் உறங்கும் நேரத்தைப் பின்னே தள்ளுவது எளிது, முன்னே இழுப்பது கடினம். காலை, பிறகு மாலை, பிறகு இரவு என்ற வரிசையில் சுழலும் அட்டவணை, தலைகீழாகச் சுழல்வதைவிட உடலுக்கு இசைவானது என்பதற்குக் காரணம் இதுதான். இரவுப் பணிகளின் தொடர் நீளாமல் இருப்பதும், ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் இடையே குறைந்தது பதினொரு மணி நேர இடைவெளி இருப்பதும் அவ்வளவே முக்கியம். இந்த மூன்றையும் எழுதி, உடன் பணிபுரியும் செவிலியர்கள் பலரும் கையெழுத்திட்டு, கண்காணிப்பாளரிடம் கொடுங்கள். நோயாளிகளின் பாதுகாப்பும் இதில் அடங்கியிருக்கிறது என்பதால், இதைச் சலுகையாக அன்றி நிர்வாகத்தின் கடமையாகவே கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி: வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் உடற்பயிற்சிக்கு நேரமே இல்லை. பத்து நிமிடம் நடப்பதால் பயன் உண்டா?

பதில்: உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைக்கிறது. ஒரு தடவைக்கு இத்தனை நிமிடமாவது இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனை அதில் கைவிடப்பட்டது. படியேறுவதும், தொலைபேசியில் பேசிக்கொண்டே வேகமாக நடப்பதும் கணக்கில் சேரும். இன்றே பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

கேள்வி: கணவரும் நானும் ஒரே அளவுக்குப் பொறுப்புள்ள பதவிகளில் இருக்கிறோம். அவர் வீட்டு வேலைகளில் உதவுகிறார், குறை சொல்ல முடியாது. ஆனாலும் நான் மட்டும் எப்போதும் களைத்திருக்கிறேன். அலுவலகத்தில் இருக்கும்போது பிள்ளைகளைக் கவனிக்கவில்லையே என்றும், பிள்ளைகளோடு இருக்கும்போது வேலையில் பின்தங்குகிறேனே என்றும் குற்ற உணர்ச்சி. என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தை மீண்டும் மீண்டும் படித்தேன். ‘உதவுகிறார்’ என்று நீங்கள் எழுதியதிலேயே உங்கள் களைப்புக்கான விளக்கம் இருக்கிறது. உதவி செய்பவருக்கு, என்ன செய்ய வேண்டும் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்பவர், அதற்கு முன்பே அந்தத் தேவையை உணர்ந்து, வழிகளைத் தேடி, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது நடந்ததா என்று பின்னர் சரிபார்க்கவும் வேண்டும்.

சமூகவியலாளர் அலிசன் டேமிங்கர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் குடும்பத்தின் சிந்தனை உழைப்பைச் சரியாக இப்படித்தான் நான்காகப் பிரித்தார்: தேவையை முன்கூட்டி உணர்தல், வழிகளைக் கண்டறிதல், முடிவெடுத்தல், கண்காணித்தல். அவர் பேசிய தம்பதியரில், முடிவெடுப்பதில் இருவரும் ஏறக்குறையச் சமமாகப் பங்கேற்றார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெண்களின் மீதே பெரிதும் விழுந்தன. கண்ணுக்குத் தெரிவது முடிவெடுப்பது மட்டும்தான் என்பதால், எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்வதாக இருவருமே நேர்மையாக நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைதான் இந்தச் சிக்கலைப் பேச முடியாததாக்குகிறது. கணவர் நல்லவராக இருக்கும் வீட்டில், குறை சொல்பவர் நன்றியில்லாதவராகத் தோன்றுகிறார்.

ஆகவே வேலைகளைப் பிரிப்பதை விட்டுவிட்டுத் துறைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக, பிள்ளைகளின் உடல்நலம் முழுவதும் ஒருவர் பொறுப்பு என்றால், தடுப்பூசித் தேதியை நினைவில் வைப்பது, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, அழைத்துச் செல்வது, மருந்து தீர்வதற்குள் வாங்கிவைப்பது வரை எல்லாம் அவருடையது. மற்றவர் அதைப் பற்றி நினைக்கவே தேவையில்லை. பள்ளி தொடர்பானது இன்னொருவருடையது. இப்படி ஒப்படைத்த பிறகு நீங்கள் செய்ய வேண்டிய கடினமான காரியம் ஒன்று உண்டு: அவர் அதை உங்களைப் போலவே செய்யாவிட்டாலும் தலையிடாமல் இருப்பது. முதல் சில வாரங்களில் சில விடுபடும். விடுபடட்டும். கண்காணிப்பு உங்களிடமே தங்கிவிட்டால் களைப்பும் உங்களிடமே தங்கிவிடும்.

குற்ற உணர்ச்சியைப் பற்றி உங்கள் கணவர் எழுதியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். அவர் அப்படி எழுதியிருக்கவே மாட்டார் என்றுதான் தோன்றுகிறது. பொறுப்புள்ள பதவியில் இருக்கும் தந்தையை, பிள்ளைகளுக்காக உழைப்பவர் என்று உலகம் பாராட்டுகிறது. அதே பதவியில் இருக்கும் தாயை, பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனவர் என்று பார்க்கிறது. உங்கள் உள்ளத்தில் ஒலிக்கும் கண்டனம் உங்களுடையது இல்லை, கேட்டுக் கேட்டுப் பழகியது. பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தின் நீளத்தை எண்ணிக்கொண்டே இருப்பதைவிட, அந்த நேரத்தில் முழுவதுமாக அவர்களோடு இருங்கள். முதல் கேள்விக்குச் சொன்ன பத்து நிமிட முறை உங்களுக்கும் பயன்படும்.

கேள்வி: பன்னிரண்டு பேர் கொண்ட குழுவுக்கு மேலாளர் நான். மேலிடம் இலக்குகளைக் கூட்டிக்கொண்டே போகிறது. என் குழுவினர் சோர்ந்துபோகிறார்கள் என்பது கண்கூடாகத் தெரிகிறது. என் கையில் இருப்பது என்ன?

பதில்: நீங்கள் நினைப்பதைவிட அதிகம் இருக்கிறது. முதலில் மேலிடத்தோடு பேசுவதற்கு ஒரு செய்தி. முதல் உலகப் போரின்போது பிரிட்டனின் ஆயுதத் தொழிற்சாலைகளில் பதிவான உற்பத்திக் கணக்குகளை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலாளர் ஜான் பென்கவேல் ஆராய்ந்து 2014இல் வெளியிட்டார். வாரத்துக்கு ஏறத்தாழ ஐம்பது மணி நேரத்தைத் தாண்டியதும் ஒவ்வொரு கூடுதல் மணி நேரத்தின் பலனும் குறையத் தொடங்கியது. 70 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் 56 மணி நேரம் உழைத்தவர்களின் உற்பத்திக்கும் பெரிய வேறுபாடே இல்லை. நாட்டின் தலைவிதியே அந்த உற்பத்தியைச் சார்ந்திருந்த காலத்தின் கணக்கு இது; அவர்கள் முனைப்பாக உழைக்கவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. உடல்நலக் கணக்கு இதைவிடக் கடுமையானது: வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதயத் தமனி நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன.

இலக்கைக் குறைக்க மேலிடம் மறுத்தாலும், அதை அடையும் வழியைக் குழுவினரே தீர்மானிக்கட்டும் என்று விடுவது உங்கள் கையில்தான் இருக்கிறது. ராபர்ட் காராசெக் 1979இல் முன்வைத்த கருத்தின்படி, மிக அதிகமான அழுத்தம், வேலைச்சுமை கூடுதலாகவும் அந்த வேலையின் மீது ஊழியருக்குள்ள கட்டுப்பாடு குறைவாகவும் உள்ள பணிகளில்தான் ஏற்படுகிறது. பிரிட்டனின் அரசு ஊழியர்களிடையே நடந்த வைட்ஹால் ஆய்வும், தம் பணியின் மீது கட்டுப்பாடு குறைவாக உள்ளவர்களுக்கு இதயநோய் அதிகமாக வந்ததைக் கண்டது. எந்த வேலையை எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பதைக் குழுவினரிடமே விடுங்கள். புதிய வேலை ஒன்றைச் சேர்க்கும்போதெல்லாம், எதை நிறுத்தப்போகிறோம் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்த வேலையைச் சேர்க்காதீர்கள்.

இரவில் மின்னஞ்சல் அனுப்பாதீர்கள். ‘நாளை பார்த்தால் போதும்’ என்று அடியில் எழுதினாலும், மேலாளரின் பெயரைப் பார்த்ததும் அவர்கள் திறப்பார்கள். உங்களுக்கு அந்த நேரம்தான் வசதி என்றால், எழுதிவைத்து, காலையில் போகும்படி நேரம் குறித்துவிடுங்கள். பணி நேரத்துக்கு வெளியே தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையை ஃபிரான்ஸ் 2017 ஜனவரியிலும், ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டிலும் சட்டமாகவே நடைமுறைப்படுத்தின. உங்கள் குழுவுக்கு அதைத் தருவதற்கு நீங்கள் எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நல்ல ஊதியம், நல்ல பெயர் உள்ள வேலை. ஆனால் இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது, உறக்கம் கெட்டிருக்கிறது. வேலையை விட்டுவிடலாமா?

பதில்: களைப்பின் உச்சத்தில் இருக்கும் நாளில் இதைத் தீர்மானிக்காதீர்கள், அன்று எந்த வேலையும் தாங்க முடியாததாகவே தோன்றும். முதலில் மருத்துவரைப் பார்த்து இரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சையைத் தொடங்குங்கள். அதன் பிறகு, உங்கள் வேலையில் உங்களை வருத்தும் குறிப்பிட்ட இரண்டு மூன்று காரியங்களை எழுதி, அவற்றை மாற்றித் தரும்படி மேலாளரிடம் தெளிவாக, எழுத்து மூலமாகக் கேளுங்கள். ‘சுமை அதிகம்’ என்று பொதுவாகச் சொன்னால் அனுதாபம் மட்டுமே கிடைக்கும். ‘இந்த இரண்டு திட்டங்களில் ஒன்றை வேறொருவரிடம் மாற்ற வேண்டும், வார இறுதி அழைப்புகளை முறை வைத்துப் பிரிக்க வேண்டும்’ என்று கேட்டால், ஆம் அல்லது இல்லை என்ற பதில் கிடைக்கும். மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள்.

கேட்டவை நடந்து, உறக்கமும் அழுத்தமும் சீரடைந்தால் நீங்கள் வேலையை விட வேண்டியதில்லை. வாக்குறுதி மட்டும் வந்து எதுவும் மாறவில்லை என்றால், அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே வேறு வேலை தேடத் தொடங்கியிருங்கள். கையில் ஆறு மாதச் செலவுக்கான சேமிப்பு இருந்தால் இன்னும் துணிவாகத் தேடலாம். புதிய இடத்தில் நேர்காணலின்போது, உங்களுக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தவர் ஏன் விலகினார், கடைசியாகக் குழுவில் ஒருவர் நீண்ட விடுப்பு எடுத்தபோது அவருடைய வேலையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்ற இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.